நாற்பதுக்கு நாற்பத்து மூன்று

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே அடுத்த வீட்டு ஜட்டிகளை இவ்வளவு கடமை உணர்ச்சியோடு எண்ணிய அரசு ஊழியர் எங்கள் கொடிக்கயிறு நர்ஸம்மா ஒருவர்தான். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது அவர் வேலை. எந்த வீட்டில் குழந்தை இருக்கிறது என்று பதிவேடு சொல்லும், கைபேசி சொல்லும், அங்கன்வாடி சொல்லும். மூன்றையும் அவர் நம்பமாட்டார். துணி காயும் கொடியைத்தான் பார்ப்பார். சட்டையின் நீளத்தை வைத்தே, "ஒம்போது மாசம், அம்மை ஊசி பாக்கி" என்று கதவைத் தட்டுவார்.

ஒருநாள் வேங்கிக்காலில் ஒரு புது மாடி வீட்டில் சின்னஞ்சிறு சிவப்புச் சட்டைகள் இரண்டு காய்ந்தன. தட்டினார்.

"குழந்தைக்கு இன்னா வயசுங்க?"

"குழந்தையா? அது நாய்க்குத் தைச்சதும்மா."

"நாய்க்கு ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சே, சீட்டுகூட இருக்குது."

அலுவலகம் வந்து என்னிடம் பொரிந்தார். "நாயோட சீட்டை லேமினேட் பண்ணி மாட்டிகீறாங்க சார். புள்ளைங்க சீட்டைக் கேட்டா அரிசி டப்பாவுல தேடுறாங்க!"

நான் அவர் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்தில் மாத அறிக்கை தயாரிக்கும் குமாஸ்தா. ஓய்வுக்குப் பதினோரு மாதம் இருந்தது. இரண்டாவது தட்டம்மை ஊசிக்கு அந்த மாதம் நர்ஸம்மாவின் பட்டியலில் நாற்பது குழந்தைகள். மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போதே போட்டது நாற்பத்து மூன்று. மூன்று முறை கூட்டிப் பார்த்தேன், அதேதான். டாக்டர் பூரித்துப்போனார். நூற்றுக்கு நூறு வாங்கியவர்களை உலகம் பார்த்திருக்கிறது. நூற்றைத் தாண்டிய பெருமை எங்களுக்கே. லட்டு வந்தது. ஆளுக்கு ஒன்று. எனக்கு உடைந்தது.

நர்ஸம்மா லட்டைத் தொடவில்லை. அறிக்கையில் கையெழுத்தும் போடவில்லை.

"அதுல நாலு, ரெண்டாவது பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்கு வந்தவங்களோட மூத்த புள்ளைங்க. வெளியூர்க் கணக்கு. நம்ம புள்ளைங்க முப்பத்தொம்பதுதான். ஒண்ணு பாக்கி."

"யாரும்மா அந்த ஒண்ணு?" என்றார் டாக்டர்.

"சாரோட பேத்தி."

ஆறு பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் மகளும் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள்தான். குழந்தைக்கு ஒன்பதாம் மாத ஊசியை இங்கே போட்டுக்கொண்டு சென்னைக்குப் போனாள்; பேர் எங்கள் பட்டியலிலேயே நின்றது. அடுத்ததைச் சென்னையில் போட்டிருப்பார்கள் என்று நான் நினைத்தேன். எல்லாம் அம்மா வீட்டிலேயே முடிந்தது என்று சம்பந்தி நினைத்தார். படித்த குடும்பங்கள்.

"ஒரு ஊசி போட்டாச்சே சிஸ்டர். பேரைச் சென்னைக்கு மாத்திடுங்க, கணக்கு சரியாயிடும்" என்றேன்.

"கணக்கு சரியாவும். மொத ஊசி எல்லாப் புள்ளைக்கும் புடிச்சுக்காது சார், அதுக்குத்தான் ரெண்டாவது. உங்க தெருவுல ஒரு புள்ளைக்கு அம்மை போட்டிருக்குது. சனிக்கிழமை உங்க பொண்ணு கொழந்தையோட வருதுல்ல?"

மகள் வருவது எனக்கே அன்று காலைதான் தெரியும்.

வந்தாள். திங்கட்கிழமை கிளம்ப வேண்டும், லீவு இல்லை. ஊசி போடும் நாளோ புதன். ஞாயிற்றுக்கிழமை நர்ஸம்மா வீட்டுக்கே வந்தார்.

"ஊருக்குப் போய்ப் போட்டுக்கறேங்க" என்றாள் மகள்.

நர்ஸம்மா வாதாடவில்லை. எங்கள் கொடியில் குழந்தைத் துணி ஒன்பது உருப்படி காய்ந்தது. அதில் அதிகம் வெளுத்திருந்த மஞ்சள் கவுனை உருவி, மடித்து, தன் பைக்குள் வைத்துக்கொண்டார். வெளுத்ததுதான் குழந்தைக்கு உயிர் என்று அவருக்கா தெரியாது? அது இல்லாமல் என் பேத்தி சாப்பிடமாட்டாள், தூங்கமாட்டாள், மற்றவரையும் விடமாட்டாள்.

"இன்னா சிஸ்டர், பட்டப்பகல்ல?" என்றேன்.

"புதன்கிழமை வந்து வாங்கிக்கோங்க சார்."

இரண்டு நாளில் பேத்தி பதினோரு முறை அழுதாள். பன்னிரண்டாவதாக அழுதது என் மகள். திங்கட்கிழமை பஸ் அவர்கள் இல்லாமலே போயிற்று.

புதன்கிழமை, குழந்தை கத்த வாய் திறப்பதற்குள் ஊசி முடிந்து கவுன் கைக்கு வந்துவிட்டது. துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு மாதமாகத் தொங்கிய பொத்தானையும் தைத்திருந்தார். அரைமணி நேரம் உட்காரச் சொன்னார். அதற்குள் பேத்தி அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். அவர் அசையவில்லை. வந்த தாய்மார்களையெல்லாம் உதட்டில் விரல் வைத்தே வரிசையில் உட்காரவைத்தார்.

பிறகு, குழந்தை விழிக்காதபடி இடக்கையால் அணைத்துக்கொண்டு, நான் நீட்டிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்.

"நாப்பது, சார். எல்லாம் நம்ம புள்ளைங்க."

நான் திருப்பி எண்ணவில்லை.