டிஸ்ட்ரிபியூட்டருக்குக் காற்றோட்டம்

இனி மெக்கானிக்குக்குக் காசு கொடுப்பதில்லை என்று பால்ச்சாமி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் முடிவெடுத்தார். காரின் கோளாறை அவரே சரி பண்ணப் போகிறார்.

கோளாறு டிஸ்ட்ரிபியூட்டரில். என்ஜினில் ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பங்கு வைத்து அனுப்புகிற சாமான் அது. அதன் தலையில் கறுப்பாக ஒரு மூடி. மழைக்காலத்தில் அந்த மூடிக்குள் வேர்த்துவிடும். வேர்த்தால் பொறி வராது. பொறி வராவிட்டால், இருபத்தெட்டு வயதான அந்த மாருதி நடுரோட்டில் நின்றுவிடும். போன வாரம் இராஜபாளையத்தில் அப்படித்தான் நின்றது. அவர் மனைவி மாரிக்கனி, ஒரு கல்யாணத்துக்குப் போகக் கட்டிய பட்டுச்சேலையோடு இறங்கி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தள்ளினாள். அவளோடு வேலை பார்க்கும் நாலு பெண்கள் பஸ்ஸுக்குள் இருந்து அதைப் பார்த்தார்கள்.

மெக்கானிக் இம்மானுவேல் புது மூடி போடச் சொன்னார். பால்ச்சாமி விலையைக் கேட்டார். ஒரு கிலோ ஆட்டுக்கறியின் விலை. கறியையாவது தின்னலாம், மூடியை என்ன செய்வது என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

நூல் மில்லில் முப்பது வருஷமாக ஃபிட்டர் அவர். காற்று ஓடாத இடத்தில் எந்த மெஷினும் உருப்படாது என்பது அவர் கட்சி. மூடிக்குள்ளும் புழுக்கம்தான். ஓட்டை போட்டுவிட்டால் காற்று போய்வரும், ஈரம் காயும், செலவு கிடையாது. கை டிரில்லை எடுத்து நாலு ஓட்டை போட்டார்.

தூசி போகாமலிருக்க ஓட்டைகளை எதையாவது வைத்து மறைக்க வேண்டும். மாரிக்கனி வேலை பார்ப்பது பேண்டேஜ் கம்பெனியில். காயத்துக்கு வைக்கிற வலைத்துணியின் வெட்டுத்துண்டுகள் வீட்டில் எப்போதும் கிடக்கும். ஒரு துண்டு கேட்டார். எதுக்கு என்றாள். காரியத்தைச் சொன்னார். அவள் மூடியைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள், ஒன்றும் பேசாமல் எடுத்துக் கொடுத்தாள்.

அவள் ஒன்றும் பேசாமல் எதையாவது கொடுத்தால் பால்ச்சாமி பயந்திருக்க வேண்டும். அவரோ நாலு மடிப்பாக மடித்து ஒட்டினார்.

புதன்கிழமை சாயங்காலம் இம்மானுவேல் அந்தப் பக்கமாக வந்தபோது, மாரிக்கனி அவரைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு பந்தயம் கட்டினாள்.

"வெள்ளிக்கெழம ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். ஒங்க ஓட்ட மூடியோட, நடுவுல எங்கயும் நிக்காமப் போய்ச் சேந்துட்டா, இந்த வண்டியப் பத்தி இனிமே நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லேன்னா வித்துரணும்."

சரி என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் யோசித்தார். அந்தத் தெருவிலேயே அவரிடம் மட்டும்தான் கார் இருந்தது. கார்க்காரர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையைக் காட்டும். கார் போய்விட்டால் அவர் வெறும் பால்ச்சாமி.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது மழை பிசுபிசுத்தது. ஒரு தடவை மூடியைப் பார்த்துவிடலாம் என்று பானட்டில் கை வைத்தார்.

"மழையில தொறந்தா ஈரம் ஏறாதா?" என்றாள் மாரிக்கனி.

நியாயமாகப் பட்டது. கையை எடுத்துவிட்டார். சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. அவருக்கே நம்ப முடியவில்லை.

தெருமுனையில் ஒருவர் குடையோடு நின்றார். சோழபுரம் பொன்னுராஜாம், மாரிக்கனிக்குத் தெரிந்தவராம், அவரும் ஸ்ரீவில்லிபுத்தூர்தான் போகிறாராம். மாரிக்கனி பின்சீட்டுக்கு மாறிக்கொண்டு, அவரை முன்னால் ஏறச் சொன்னாள்.

ஊரைத் தாண்டியதும் பஞ்சுப்பொதி லாரி ஒன்று வழியை மறித்துக்கொண்டு ஊர்ந்தது. பால்ச்சாமி காலை எடுத்தார். வண்டி லேசாக உதறியது. நிற்கப் போகிறது என்று நினைத்தார். நிற்கவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கினான். கண்ணாடியில் பார்த்தார். மாரிக்கனி மடியில் ஒயர்கூடையை வைத்துக்கொண்டு, சலனமில்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி எம்புட்டு வருசம் அண்ணாச்சி?" என்றார் பொன்னுராஜ்.

"வருசத்த விடுங்க. காலையில ஒரே தட்டு, புடிச்சிரும். மழ வெயில் எதுவும் இதுக்குக் கெடையாது."

சொல்லி முடிப்பதற்குள் ஒரு வேகத்தடை. வண்டி குதித்து இறங்கியது. ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஓடியது. மைலேஜ் கேட்டார் பொன்னுராஜ். இரண்டு கிலோமீட்டர் கூட்டிச் சொன்னார் பால்ச்சாமி. பாரம் தாங்குமா என்றதற்கு, ஆறு பேரோடு செண்பகத்தோப்பு போன கதையைச் சொன்னார். அப்படி ஒரு நாளும் போனதில்லை. மழை வலுத்தது. வைப்பர் ஒரு தடவை போய்வருவதற்குள் அவர் இரண்டு சாமியைக் கும்பிட்டார்.

கோபுரம் தெரிந்தது. கடைசி வளைவும் தாண்டியது. கோயிலுக்குப் பக்கத்தில் ஓரங்கட்டி என்ஜினை அணைத்தார். மழையும் விட்டிருந்தது.

அதன்பிறகு அவர் பேசியது பால்கோவா கடை வரைக்கும் கேட்டது. படித்த என்ஜினீயருக்கும் வராத யோசனை என்றார். நாலே ஓட்டை, ஒரு துண்டுத் துணி என்றார். பொன்னுராஜ் ஆவலாகி, அந்த மூடியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். பால்ச்சாமி பெருமையாகப் பானட்டைத் தூக்கினார்.

மூடி பளபளவென்று இருந்தது. ஓட்டையும் இல்லை, துணியும் இல்லை.

"ஏட்டி, யாரு வேல இது?"

"நேத்து நீங்க ஷிப்டுக்குப் போன பொறவு இம்மானுவேல் அண்ணனக் கூப்பிட்டேன். ஒங்க மூடியோட ஓட்டிப் பாத்தாரு, தெருமுன தாண்டல. துணி பூராவும் ஊறிக் கெடந்துச்சு."

"வண்டிக்குள்ள இருக்குற துணி எப்படி ஊறும்?"

"ஈரத்த உறிஞ்சுறதுக்குன்னே நெய்யுற துணி அது. இருவது வருசமா மடிக்கேன். ஒரு வார்த்த என்னயக் கேட்டீகளா?"

பால்ச்சாமி அடுத்த கேள்விக்குத் தாவினார்.

"தோத்த வண்டிக்கு எதுக்குப் புது மூடி?"

"ஓடாத வண்டிய யாரு வாங்குவா? நான் சொன்னா, வாங்க வந்த இவுக நம்புவாகளா? வண்டிக்காரரு வாயால கேக்கணும்னாக."

தேங்காய் ஏற்றத் தோதான வண்டி என்றார் பொன்னுராஜ். ஆறு பேர் பாரம் தாங்குமே. அண்ணாச்சி சொன்னதற்கு மேல் என்ன வேண்டும்?

ஒயர்கூடையிலிருந்து ஆர்.சி. புத்தகமும் விற்பனைத் தாளும் பேனாவும் வந்தன. கொடுத்த வார்த்தைக்கு இம்மானுவேல் சாட்சி. போதாததற்கு எதிரே கோபுரம். சூடாக இருந்த பானட்டின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

கும்பிட்டுவிட்டு வந்ததும், வீட்டில் இறக்கிவிட்டுப் போகிறேன் என்றார் பொன்னுராஜ். பால்ச்சாமி பழக்கத்தில் வலதுபக்கக் கதவுக்குப் போனார். அங்கே பொன்னுராஜ் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து ஏறி, இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்துக் கதவை இழுத்துச் சாத்தினார்.

"மெதுவாங்க," என்றாள் மாரிக்கனி பின்சீட்டிலிருந்து. "அடுத்தவுக வண்டி."