கோட்டுக்கு மேலே ஒரு புள்ளி

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். வல்லம் வடகால் பொட்டலில் கீற்றுக் கொட்டகை போட்டு, அதைக் காற்று தூக்கிப்போனதும் தகரம் போட்டு, பிறகு தளம் போட்டு, இன்று மூன்று ஷிப்டுக்கும் சோறு போடும் மெஸ்ஸும், மேலே வாடகை அறைகளும் எழுப்பியிருக்கிறேன். பக்கத்து ஒரகடம் தொழிற்சாலைகளில் தயாராகும் லாரிகளில் பாதி என் சாம்பார் தயாரித்தவை. இத்தனை ஆளைப் பார்த்த நான் சொல்கிறேன்: 'கோடு' மாதிரிக் கிறுக்கன் பூமியில் இன்னொருவன் இல்லை.

மாடி அறையில் தங்கி பி.ஏ. பொருளாதாரம் படித்த செய்யாற்றுப் பையன். அதில் எகனாமெட்ரிக்ஸ் என்று ஒரு பாடம். எதையும் எண்ணி, தாளில் புள்ளி வைத்து, நடுவே ஒரு கோடு இழுக்க வேண்டுமாம்; அதனால் எங்களுக்கு அவன் 'கோடு'.

"இன்னா கோடு, இன்னிக்கி நான் எத்தினி இட்லி துன்னுவேன்?" என்பான் வெல்டர் சேகர்.

"நாலுண்ணே."

சேகர் வீம்புக்கு ஆறு தின்பான்.

"மீதி ரெண்டும் எர்ரர்ண்ணே. அதுக்கும் கணக்குல எடம் கீது."

கடைசி செமஸ்டரில் அந்தப் பாடத்தின் புராஜெக்ட்டுக்கு என் மெஸ்ஸையே பிடித்துக்கொண்டான். கம்பெனியில் ஓவர்டைம், அதாவது ஓ.டி., கூடினால் மெஸ்ஸில் சாப்பாடு எவ்வளவு கூடும்? நாளுக்கு ஒன்றாக வைத்த புள்ளிகள் ஒழுங்காக வரிசையில் நின்றன. ஒன்று மட்டும் உச்சியில், தனியாக. அன்று பெருமழை. ரோடு முழுகி கம்பெனி பஸ் நகரவில்லை; ஓ.டி.யே கிடையாது. சிக்கிக்கொண்ட சனம் அத்தனைக்கும் நான் அடுப்பை அணைக்காமல் பொங்கிப் போட்டேன்.

அந்த ஒற்றைப் புள்ளி கோட்டையே சாய்த்துவிட்டது. அதை அழித்துவிட்டு வா, இல்லையென்றால் பெயில் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு முறை தவறிய பாடம். இதுவும் போனால் டிகிரி இல்லை.

"அழிச்சித் தொலைடா!" என்றேன்.

"நடந்தத எப்டி நைனா நடக்கலன்றது?"

வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு நான்தான் பைக்கில் கொண்டுபோனேன். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"இந்தப் புள்ளி இன்னும் இருக்கே?" பேராசிரியர் குரலில் சூடு.

"மழைன்னு தனியா ஒரு மாறி, வேரியபிள், சேத்துட்டேன் சார். அந்த நாளுக்கு மட்டும் ஒண்ணு, மத்த நாளுக்கு சைபர். இப்ப கோடு சாயல."

"ஒரே நாளுக்காகவா? அழிச்சாலும் இதே கோடுதானே வரும்?"

"கோடு அதேதான் சார்." அந்தப் புள்ளியின் மேல் விரல் வைத்தான். "ஆனா அழிச்சா, அன்னிக்கி சோறு போட்டவரு இல்லாம பூடுவாரு."

பேராசிரியர் தாளை இரண்டு முறை புரட்டினார். பேனாவைத் திறந்தார்.

"போ. பாஸ்."

இன்று அவன் சென்னையில் பெரிய கம்பெனிக்குக் கோடு இழுக்கிறான். புராஜெக்ட் பிரதியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். தம்பி கோடு, இதைப் படித்தால் கேள்: அன்று மழையா சோறு பொங்கியது? அந்த மாறியின் பெயரை அடித்துவிட்டு, முனுசாமி என்று என் பெயரை எழுது. தபாலில் வேண்டாம், நேரில் வந்து எழுது. இலை போட்டு வைக்கிறேன்.