ஆறு விநாடி

இசை நிகழ்ச்சிக்கு வருகிறவர்களில் முதல் கைதட்டி என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். மூன்றாவது வரிசை, ஓர இருக்கை. நிகழ்ச்சித் தாளை மடியில் விரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பக்கத்தில் மாட்டிக்கொண்டவருக்கு டிரம்பெட்டுக்கும் டிராம்போனுக்கும் வித்தியாசம் சொல்லி, வாசிக்கிறவர்களே மறந்துவிடுவார்களோ என்று முழங்காலில் தாளம் போட்டு, முடிவு நெருங்க நெருங்க இரண்டு உள்ளங்கைகளையும் அரையடி இடைவெளியில் ஏந்திக்கொண்டு காத்திருப்பார். முடிந்துவிட்டது என்று ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பு அவருடையது. யார் கொடுத்தார்கள்? யாரும் கொடுக்கவில்லை.

இந்த இனத்தோடு ஒரு டிரம் கலைஞர் இருபத்திரண்டு வருடம் மல்லுக்கட்டினார். அவருடைய குழு வாசிக்கும் சின்ன உருப்படி ஒன்று: ஏழு பித்தளைக் கருவிகள், ஒரு பெரிய டிரம், நான்கே நிமிடம். கடைசியில் பித்தளை எல்லாம் உச்சத்துக்கு ஏறிச் சட்டென்று நிற்கும். ஆறு விநாடி மௌனம். பிறகு டிரம்மில் மெல்ல ஒரே ஓர் அடி. அதோடுதான் உருப்படி முடிகிறது. அதற்குள் கைதட்டல் எழுந்துவிடுவதால் அந்த அடியை அரங்கில் ஒருவரும் கேட்டதில்லை.

"இன்னைக்கு எத்தனைப்பா?" என்பாள் மகள்.

"ரெண்டு விநாடி. போன தடவைக்கு இது தேவலை."

"பேசாம ஓங்கி அடிச்சிடுங்களேன்."

"மெல்லன்னுல்ல எழுதியிருக்கு."

மகள் லிப்ட் பராமரிப்புப் பொறியாளர். கதவு தானாக மூட ஆறு விநாடி ஆகும். அதற்குள் பொத்தானை நாலு தரம் குத்துகிறவர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

போன மாதம் அப்பா இறந்தார். அவர் நினைவாக அதே உருப்படியை வைத்தார்கள். அவருடைய குச்சியோடு புதியவர் ஒருவர் டிரம்முக்குப் பின்னால் நின்றார். மகளுக்கு வேண்டியது அந்த ஓர் அடி. ஒரே ஒரு தடவை, காதால். மூன்றாவது வரிசைக்குப் போய் ஓர இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார், கடைசியில ஒரு அடி இருக்கு. அதுவரைக்கும் கை தட்டிடாதீங்க."

"எனக்கா சொல்றீங்கம்மா? பதினோரு தடவை கேட்டிருக்கேன். முடியற இடம் எனக்கு அத்துப்படி."

"நீங்க தட்டினதுக்கு அப்புறம்தான் அது வரும். எங்கப்பா அடிப்பார்."

"அப்படி ஒண்ணும் இல்லையேம்மா. இருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

பித்தளை உச்சத்துக்குப் போய் நின்றது. உள்ளங்கைகள் எழுந்தன. மகள் அவர் கை இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். துக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று அவரும் இரக்கத்தோடு விட்டுக்கொடுத்தார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து.

பின்வரிசையில் யாரோ தட்டினார்கள்.

அரங்கமே சேர்ந்துகொண்டது. மேடையில் குச்சி மெதுவாக இறங்கியதை, டிரம்மைத் தொட்டதை, மகள் பார்த்தாள். பார்க்கத்தான் முடிந்தது. பிறகு கைகளை விட்டாள்.

"பாத்தீங்களாம்மா," என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "இன்னும் ஒரு விநாடி பொறுத்தா என்ன இவங்களுக்கு?"

பின்வரிசையில் தட்டியது யாரென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் இல்லை என்கிறீர்கள். சரி. நாளைக்கு லிப்டில் ஏறினால், கதவு மூடுவதற்குள் பொத்தானை எத்தனை தரம் அழுத்துகிறீர்கள் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.