தண்ணீர்த் தொட்டியில் ஒரு வீட்டுப்பாடம்

அன்பும் மரியாதையும், மூன்றாவதாகக் கொஞ்சம் பயமும் கலந்து, அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் மூவரும் சுகம். அங்கு நீயும், அத்தானும், அத்தானுடைய முழங்காலும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. நேற்று நீ தொலைபேசியில் பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது. நான் பேச வாயெடுத்தபோதெல்லாம் "இரு, நான் முடிச்சுக்கறேன்" என்றாய். முடித்ததும் வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது பார். "பாடப் புத்தகமே இல்லாத பள்ளிக்கூடம் ஒரு பள்ளிக்கூடமா? ஊர்த் தண்ணியை எல்லாம் சிவப்பாக்கின பிள்ளையை என் ஸ்கூல்ல கொண்டுவந்து விடு, ஒரே மாசத்துல நேராக்கிடறேன்" என்று சொன்னாய். தலைமையாசிரியை சொல்லுக்கு மறுசொல் சொல்ல எனக்கு இன்றும் நாக்கு எழவில்லை. ஆனால் அக்கா, சிவப்பானது ஊர்த் தண்ணி இல்லை, ஒரே ஒரு கட்டடத்துத் தண்ணி. அதுவும் ஏன், எப்படி என்று முழுசாகத் தெரிந்தால் நீயே எழுந்து நின்று கை தட்டுவாய். 

முதலில் அந்தப் பள்ளியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாசலில் ஒரு பெரிய பலகை. அதில் நேர்மை, அக்கறை, துணிவு, திறந்த மனம் என்று எழுதி, மேலே 'எங்கள் விழுமியங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். விழுமியம் என்ற வார்த்தையை நான் அங்கேதான் முதல்முறையாகப் பார்த்தேன். ஏதோ விழுங்குகிற மருந்து என்று நினைத்துக்கொண்டேன். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் எங்களை உட்கார வைத்தார்கள். நான் உட்கார்ந்தேன். எழுந்தபோது நாற்காலியும் கூடவே எழுந்தது. அந்த நேரம் பார்த்து வகுப்பு மிஸ், "எங்க பாடத்திட்டம் சர்வதேசப் பாடத்திட்டம். பிள்ளைங்க கேள்வியிலேருந்துதான் பாடமே தொடங்கும். நீங்களும் மனசுல இருக்கற ஒரு கேள்வியைச் சொல்லுங்க" என்றார். ஒருவர் வானம் எங்கே முடிகிறது என்று கேட்டார். இன்னொருவர் மனிதன் ஏன் பொய் சொல்கிறான் என்று கேட்டார். என் முறை வந்தபோது எனக்கு இருந்தது ஒரே கேள்விதான். "மிஸ், இந்த நாற்காலியை எப்படிக் கழட்டறது?" யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தால், அந்த மிஸ் அதை அப்படியே ஒரு சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, "ரொம்ப நல்ல கேள்வி சார். நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டாரே பார்க்கணும்! அக்கா, இந்த வயசு வரைக்கும் என்னைப் பார்த்து யாரும் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டதில்லை. நீ கேட்டிருக்கியா? அன்னைக்கே நான் அந்தப் பள்ளிக்கு அடிமை.

இதை என் தொழிலிலும் செய்து பார்த்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் நான். கேள்வி கேட்காதே, கிளட்ச்சை மிதி, ரோட்டைப் பார், இதுதான் இத்தனை வருஷமும் என் பாடத்திட்டம். கூட்டத்துக்கு மறுநாள் புதிதாகச் சேர்ந்த ஒரு பேங்க் மேனேஜர் அம்மா, "சார், இதுல பிரேக் எது?" என்று கேட்டார். நான் உற்சாகமாக, "நீங்க என்ன நினைக்கறீங்க மேடம்?" என்றேன். அந்த அம்மா நினைத்தது ஆக்ஸிலரேட்டரை. என் பக்கம் இன்னொரு பிரேக் இருந்ததால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. செடி விற்கிற கடையில் முன்வரிசைத் தொட்டிகளுக்குத்தான் ஆயிற்று. "இனிமே என் வண்டியில உட்கார்ந்து யாரும் எதையும் நினைக்கக் கூடாது" என்று முதலாளி சொல்லிவிட்டார். சரி, அது கிடக்கட்டும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தில் மூன்றே வீடு. கீழே ஹவுஸ் ஓனர், தனி ஆள். நடு மாடியில் ஒரு நர்ஸம்மா. மேல் மாடியில் நாங்கள், எங்களுக்கு மேலே மொட்டைமாடித் தொட்டி. விடியற்காலையில் ஓனர் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்புவார். நாங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்புகிற நேரத்துக்கு அது காலி. கீழ்வீட்டுக்குக் குழாயில் மிச்சமிருக்கிற தண்ணியாவது வரும், எங்களுக்கு வெறும் காத்துதான். சோப்பு போட்ட தலையோடு நான் நின்ற காலைகளைச் சொன்னால் நீயே அழுதுடுவே. அதுக்கு ஓனர் என்ன சொன்னார் தெரியுமா? "தொட்டிக்கு நேர் கீழே இருக்கறது நீங்கதான். திறந்து விட்டுட்டு மணிக்கணக்கா குளிக்கறீங்க. என்னால முடியாது, மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணுங்க." இவள், என் மனைவி, ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் இந்த வாடகைக்கு வேறு வீடு கிடையாது. வீடு போனால் பள்ளியும் போச்சு. கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

நம் வாலு சும்மா இருந்தாளா? அந்தப் பருவத்தில் அவள் வகுப்பில் 'பங்கிட்டு வாழ்தல்' என்று ஒரு தேடல். ஆளுக்கொரு கேள்வி எடுத்துக்கொண்டு விடை கண்டுபிடிக்க வேண்டுமாம். வாலு எடுத்த கேள்வி, "எங்க வீட்டுத் தண்ணி எங்கே போகுது?" நேராக ஓனர் வீட்டுக் கதவைத் தட்டி, "தாத்தா, தண்ணி ஏன் தீர்ந்து போகுதுன்னு நினைக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "உங்கப்பன் குளிக்கறதை நிறுத்தினா எல்லாம் சரியாயிடும்!" என்றாராம் அவர். "நன்றி தாத்தா. இது நீங்க பார்த்த விஷயமா, இல்ல உங்க கருத்தா?" என்று கேட்டிருக்கிறாள். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் என்மேல் விசாரணை. ஒரு வாரம் எனக்கு ஒரே ஒரு வாளி. குளியலறைக்கு வெளியே நின்றுகொண்டு, "அப்பா, எத்தனை சொம்பு ஆச்சு?" என்று கத்துவாள். அப்படிக் குளித்தும் தொட்டி அதே நேரத்துக்குக் காலி. அன்றைக்கு அவள் படியில் நின்று, மூன்று வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "அப்பா, நீ நிரபராதி!" என்று கூவினாள். 

அப்படியானால் எங்கேயோ ஒழுகுகிறது. எங்கே? மிஸ்ஸிடம் கேட்டதற்கு, வழக்கம்போல, "கண்ணுக்குத் தெரியாத தண்ணியைக் கண்ணுக்குத் தெரிய வைக்க என்ன செய்யலாம்னு நீ நினைக்கறே?" என்றாராம். ஒரு நாள் பூராவும் யோசித்துவிட்டு வந்து சொன்னாள், "கலர் போட்டா தெரியும்ப்பா. முதல்ல நம்ம ஃப்ளஷ் டேங்க்ல ஒரு சிட்டிகை போட்டுப் பார்ப்போம்." பிள்ளை நிதானமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் வேகம் தலைக்கேறிவிட்டது. "ஃப்ளஷ் டேங்க் எதுக்குடி? நேரா மேல போவோம் வா!" என்றேன். "மத்தவங்ககிட்ட கேட்க வேண்டாமாப்பா?" என்றாள். "ஒரு சிட்டிகைதானே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன். கேக்குக்குப் போட அவள் அம்மா வைத்திருந்த சிவப்புக் கலர் பொடி பாக்கெட்டை எடுத்துக்கொண்டு இருட்டுகிற நேரத்தில் மொட்டைமாடிக்கு ஏறினோம். நான் மூடியைத் திறந்தேன். பாக்கெட்டைப் பிரித்தேன். காத்து அடித்தது, பொடி மூக்கில் ஏறியது, தும்மினேன். பொடி, பாக்கெட், என் மூக்குக்கண்ணாடி மூன்றும் தொட்டிக்குள். வாலு எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது சிட்டிகை இல்லை" என்றாள்.

மறுநாள் காலை முதல் அலறல் நடு மாடியிலிருந்து. நர்ஸம்மாவின் வெள்ளை யூனிஃபார்ம் அத்தனையும் வாஷிங் மெஷினிலிருந்து இளஞ்சிவப்பாக வெளியே வந்திருக்கிறது. ரெண்டாவது அலறல் கீழேயிருந்து. ஓனர் பல் தேய்த்து வாய் கொப்பளித்துத் துப்பியிருக்கிறார். சிவப்பைப் பார்த்ததும் ரத்தம்தான் வருகிறது, கதை முடிந்தது என்று வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு, சாவி எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாராம்! அப்புறம் வாளியைப் பார்த்திருக்கிறார். புரிந்துவிட்டது. தடதடவென்று மாடி ஏறுகிற சத்தம் கேட்டதும் நானும் இவளும் அவசரமாகப் பேசி, குழாயில் துரு என்று சொல்லிவிடலாம் என முடிவு செய்தோம். கதவைத் திறந்தால் மனுஷன் மீசை, துண்டு எல்லாம் ரோஸ் கலர். "துரு சார்... பழைய குழாய்... துரு..." என்று நான் தொடங்கினேன். என் கைக்கடியில் புகுந்து முன்னால் வந்து நின்றாள் வாலு. "துரு இல்லை தாத்தா, கலர். சாப்பிடற கலர்தான், ஒண்ணும் ஆகாது. யோசனை என்னோடது. தும்மினது அப்பா."

 ஓனர், "மாசக் கடைசியெல்லாம் கிடையாது! இன்னைக்கே, இப்பவே...!" என்று குதித்தார். இவள் உள்ளே போய் அட்டைப்பெட்டியைக் கையில் எடுத்தேவிட்டாள். வாலு மட்டும் அசையவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, ஆனால் கேட்டாள். "கேட்காம செஞ்சது தப்பு தாத்தா, மன்னிச்சுக்கோங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க வீட்டுல எங்கெங்க சிவப்பு இருக்கு?" "எங்கெங்கயா? குழாயில இருக்கு, வாளியில இருக்கு, என் வாயில இருக்கு, கட்டிலுக்குப் பின்னாடி சுவத்துல இருக்கு..." என்று அடுக்கிக்கொண்டே போனவர் அப்படியே நின்றுவிட்டார். வாலு மெதுவாக, "சுவத்துக்கு எப்படித் தாத்தா வரும்?" என்றாள்.

அக்கா, அப்புறம் நாங்கள் படியில் இறங்கவில்லை, உருண்டோம்! ஓனர் முன்னால், வாலு பின்னால், நான், இவள், ஈர யூனிஃபார்மோடு நர்ஸம்மா. கட்டிலை இழுத்துப் போட்டால், சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு ரோஸ் கலர் பரவியிருக்கிறது. ஈரம் என்று வருஷா வருஷம் பெயின்ட் அடித்து மறைத்த அதே இடம். பிளம்பர் வந்து சுவரை உடைத்தார். உள்ளே குழாய் இணைப்பு விட்டுப்போய், தொட்டித் தண்ணி முழுக்க மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கரெண்ட் மீட்டர் பெட்டி. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சுவர் பூரா கரெண்ட் பாய்ஞ்சிருக்கும் சார். கண்டுபிடிச்சது யாரு?" என்றார் பிளம்பர். எல்லோரும் வாலுவைப் பார்த்தோம். ஓனர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, "இந்தச் சுவத்துல சாய்ஞ்சுதான் தினமும் பேப்பர் படிப்பேன்" என்றார்.  காலி பண்ணு என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க நாங்கள் பெட்டியும் கையுமாகத்தான் இருந்தோம்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் பிள்ளைகள் தங்கள் தேடலை எல்லோர் முன்னாலும் சொல்கிற நாள். வாலு கூப்பிட்டிருந்ததால் நர்ஸம்மா ரோஸ் யூனிஃபார்மிலேயே வந்தார். அந்தக் கலரைப் பார்த்து வார்டில் குழந்தைகள் ஊசிக்கு அழுவதில்லையாம், இனி அதையே போட அனுமதி கேட்டிருக்கிறாராம். வாலு எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். மிஸ் மார்க் போடவில்லை, பாராட்டவும் இல்லை. "இதுல உனக்கு எது சரியா வரலை?" என்று கேட்டார். "அக்கறை வரலை மிஸ். எல்லாரும் குடிக்கற தண்ணியில கேட்காம கலந்துட்டோம். அடுத்த தடவை கதவைத் தட்டிக் கேட்பேன்" என்றாள். அப்போது கடைசி வரிசையிலிருந்து, "நானும் ஒண்ணு சொல்லலாமா மிஸ்?" என்று ஒரு குரல். ஓனர்! எப்போது வந்தார் என்றே தெரியாது. எழுந்து நின்று, "பார்த்ததைச் சொல்றியா, கருத்தைச் சொல்றியான்னு இந்தப் பொண்ணு என்னைக் கேட்டுச்சு. நான் பார்க்கவே இல்லை. பார்க்காமலே இவங்கமேல பழி போட்டேன். பெட்டியெல்லாம் பிரிச்சு வைங்க, யாரும் எங்கயும் போக வேண்டாம்" என்றார். அக்கா, நான் அழுதேன். இவளும் அழுதாள். மிஸ்கூட மூக்கைத் துடைத்துக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். இது கருத்து இல்லை.

ஆகையால், பிள்ளை இந்தப் பள்ளியிலேயே படிக்கட்டும். உன் பள்ளியை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். உன்னால்தான் எனக்குக் கணக்கு வந்தது. ஆனால் கேட்கணும் என்று தோன்றினதெல்லாம் தொண்டையிலேயே நின்றுபோச்சு, அவளுக்கு அப்படி ஆக வேண்டாம். இப்போது மேல் மாடியில் நாள் முழுக்கத் தண்ணி. கட்டடத்தில் சண்டை சச்சரவு இல்லை, ஒரு குறையும் இல்லை. இந்த விடுமுறைக்குக்கூட நாங்கள் அங்கே வந்து உன்னைத் தொந்தரவு செய்யப் போவதில்லை, நிம்மதியாக இரு. அத்தானுக்கு என் வணக்கம். உனக்கு எங்கள் மூவரின் அன்பு. பெரியவளாக எங்களை வாழ்த்தி, கோபத்தை ஆற்றிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
உன் நிரபராதித் தம்பி

பி.கு.: உறை ஒட்டப் போகும்போது இவள் குளியலறையிலிருந்து கத்தினாள். குழாயில் நீலம்! சத்தியமாக நான் இல்லை அக்கா, வாலுவும் இல்லை. ஓனர்! அவருக்கு ஒரு கேள்வி வந்துவிட்டதாம், சாக்கடைத் தண்ணி எந்தப் பக்கம் போகிறது என்று. கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் செய்தார், மேல் மாடியில் நான் ஒருத்தன்தான் முழித்திருந்தேன், அதனால் நான்தான் சரி என்றேன். அவர் கொண்டுவந்தது ஒரு டப்பா. மூடியைத் திறந்துகொடுத்ததும் நான்தான். அது சாப்பிடுகிற கலரும் இல்லையாம், டப்பாவை நர்ஸம்மா இப்போதுதான் படித்துச் சொல்கிறார். தொட்டியைக் கழுவிக் காயவைக்கப் பத்து நாள் ஆகுமாம், பெரிய அறையை ஒழித்து வைக்கவும். ஓனரும் கூட வருகிறார். வாலு உன் பள்ளியில் வந்து உட்கார்ந்து பார்க்கணும் என்கிறாள், மறுக்காதே. இன்னொன்று, உங்கள் வீட்டுத் தொட்டி மூடிக்கு இன்றே ஒரு பூட்டு போட்டுவிடு. அவளுக்காக இல்லை, எனக்காக.