தணிகாசலத்தின் தாடி விசேஷம்

கண்ணாடி முன்னால் ஊக்கும் கையுமாக நின்ற தணிகாசலத்தை மனைவி ஷீலா வசமாகப் பிடித்தாள்.

"மூஞ்சியா அது, இல்ல ரோட்டுல பள்ளம் தோண்டுற எடமா? விடுங்கன்னா!"

"உள்ள முடி தெரியுது ஷீலா. தோலுக்கு அடியில சுருண்டு படுத்திருக்கு. எப்படித்தான் உள்ள போச்சுன்னு பார்க்குறேன்."

அவனுக்கு அந்த ஆராய்ச்சிப் புத்தி. தாம்பரத்தில் நகைக்கடை வேலை. முகம் வழவழவென்று இருக்க வேண்டுமென்று தினமும் எதிர்ப்பக்கமாக இழுத்து இழுத்து மழித்ததில் தாடை முழுக்கச் சிவப்புக் கொப்புளங்கள். ஊக்கால் நோண்டியதில் ஒன்று நெல்லிக்காய் அளவுக்கு வீங்கிவிட்டது.

மேடவாக்கம் தோல் டாக்டரம்மா பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார். "ஒட்ட வழிச்சா முடி வளைஞ்சு தோலுக்குள்ளயே போயிடும். நோண்டாதீங்க. வெதுவெதுப்பான தண்ணில துணிய நனைச்சு ஒத்தடம் குடுங்க. ஒரு மாசம் ஷேவிங்கே கூடாது. அப்புறமும் முடி வளர்ற பக்கமாத்தான் மழிக்கணும்."

வீக்கம் வடிந்தது. தாடி வளர்ந்தது. வினையும் கூடவே வளர்ந்தது.

லிஃப்டில் எதிர் வீட்டு நாகலக்ஷ்மி அவன் தாடையைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"என்ன தம்பி, வீட்ல விசேஷமா?"

தணிகாசலம் சட்டென்று தாடையைக் கையால் மூடிக்கொண்டான். மனைவி உண்டாகியிருந்தால் புருஷன் முடி எடுக்கக் கூடாது என்பது ஊரறிந்த வழக்கம். கல்யாணமாகி ஆறு வருஷம். இந்த ஒரு கேள்விக்குப் பயந்தே ஷீலா விருந்து, விழா எதற்கும் போவதில்லை. பாழாய்ப்போன இந்தத் தாடியால் அவள் மறுபடி அழுதால் அவன் தாங்கமாட்டான்.

தோலுக்குள் முடி போன கதையைச் சொல்ல வெட்கப்பட்டு, "வேண்டுதல் அக்கா" என்று உளறிவைத்தான்.

"அப்படிச் சொல்லு! அவ நல்லபடியா பெத்தெடுக்கணும்னுதானே?"

"ஐயோ, இல்லக்கா..."

லிஃப்ட் திறந்தது. அவள் போயே போய்விட்டாள்.

மாலையில் வாசல் கதவில் ஒரு பை நிறைய மாங்காய் தொங்கியது. ஷீலா பார்ப்பதற்குள் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, பல் கூச அத்தனையையும் தானே தின்று தீர்த்தான். மறுநாள் கடையில் குமட்டலோடு வாயைப் பொத்திக்கொண்டு ஓடியவனை முதலாளி முதுகில் தட்டினார்.

"சில வீட்ல புருஷனுக்கும் மசக்கை வரும்ப்பா. வாழ்த்துகள்!"

கடையே கைதட்டியது.

அன்று வீட்டுக்கு வந்ததும் ஷீலா சொன்னாள். "எதிர் வீட்டு அக்கா நாளைக்கு என்னைப் பார்க்க வர்றாங்களாம்."

அவள் கண் கலங்கியிருந்தது. தணிகாசலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் பெருங்களத்தூரில் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் மாரியின் சலூனுக்கு ஓடினான்.

"கொப்புளம் வந்தா வரட்டும் மாரி. மொத்தத்தையும் வழிச்சுடு!"

மாரி சவரக்கத்தியைப் பெட்டிக்குள் போட்டு மூடினான். "அது மட்டும் முடியாது சார்."

"ஏன்யா? என் மூஞ்சி, என் தாடி!"

"இன்னா சார் நீங்க? நேத்துதான் உங்க வூட்டம்மா வந்து, 'ஸ்கேன் பார்த்துட்டு அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேண்ணா, கொழந்த பொறக்கிற வரைக்கும் அவர் மூஞ்சில கத்தி மட்டும் வெச்சுடாதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போச்சு!"