ஏரியை மறைத்துக்கொண்டு நின்றவள்

ஒரு குடும்பத்துக்கு வந்த நல்ல காலத்தைச் சும்மா நின்றே கெடுக்கலாம். நான் கெடுத்திருக்கிறேன். அதுவும் நல்ல சேலை உடுத்திக்கொண்டு.

என் கணவர் ஆபிரிக்காவில், மலாவியில் ஆறு வருடம் கணக்குப் படிப்பித்தவர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்தான் அந்தப் பெரிய ஏரி. மறுகரை தெரியாது. மனுஷனுக்கு அதில் ஒரு பைத்தியம். பின்னேரமானால் கமராவோடு கரைக்குப் போய்விடுவார். எனக்கு அது வீட்டுக்குப் பின்னால் கிடந்த தண்ணீர், அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் லண்டனுக்கு வந்து கோலியர்ஸ் வுட்டில் குடியேறினோம். வகுப்பே எழுந்து நின்ற வாத்தியார், இங்கே பெற்றோல் ஸ்டேஷனில் காசு வாங்கும் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தார். வீட்டிலும் அவருடைய பேச்சுக் குறைந்துவிட்டது. (அந்தக் கண்ணாடியையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாரோ என்று நினைப்பேன்.)

அப்போதுதான் டூட்டிங்கில் பயணச்சீட்டுக் கடை வைத்திருந்த சிவலோகன் வந்தார்.

"மாஸ்டர், ஆபிரிக்கா எண்டால் எல்லாரும் சிங்கம் பாக்கத்தான் போகினம். உந்த ஏரியை ஒருத்தரும் கண்டுகொள்ளேல்லை. உங்கடை படங்களைக் காட்டுங்கோ. நல்லாயிருந்தால் விளம்பரப் புத்தகம் அடிப்பம். ஆக்களைக் கூட்டிக்கொண்டு போறது நீங்கள்தான்."

படம் பார்க்கச் சிவலோகன் வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் கணவர் இரண்டு தரம் சவரம் செய்தார். யன்னல் சீலையை இழுத்து மூடி, சுவரில் கலியாண வேட்டியைக் கட்டி, ஸ்லைட் மெஷினைப் போட்டார்.

முதல் படத்தில் மாம்பழ நிறப் பட்டில் நான். இரண்டாவதில் பச்சைச் சேலையில் நான். மூன்றாவதில் நானும் புதிதாக வாங்கின பிரிட்ஜும். (அதை ஏன் முற்றத்துக்குத் தூக்கினோம் என்றால், வெளிச்சம் வேண்டாமா?)

"மாஸ்டர், ஏரி?"

"வரும், வரும்."

பன்னிரண்டு படம் போனது. "ஏரி அக்காவுக்குப் பின்னாலையோ?" என்று சிவலோகன் மரியாதையாகக் கேட்டார்.

கணவர் என் பக்கம் திரும்பினார். "இஞ்சேரும், மற்றப் பெட்டி எங்கை? தண்ணி மட்டும் இருக்கிற படங்கள்?"

"அதுகளிலை ஒருத்தரும் இல்லையேப்பா."

"எங்கை எண்டு கேட்டனான்."

"வெளிக்கிடேக்கை சூட்கேஸ் பாரம் எண்டு நீங்கள்தானே கத்தினீங்கள். ஆளில்லாத படத்தை ஆர் பாக்கப்போகினம்? குப்பையிலை போட்டிட்டன்."

இதைப் பெருமையாகவே சொன்னேன். எங்களுக்குப் படம் என்றால் ஊரில் உள்ளவர்கள் பார்ப்பதற்கு. ஆள் உடம்பு வைத்திருக்கிறாளா, கழுத்தில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பார்கள். வெறும் தண்ணீரை அனுப்பினால் என்ன நினைப்பார்கள்? எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. படமாவது பார்க்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஆறு வருடப் பின்னேரங்களைக் குப்பையில் போட்டவளை ஒருதரம் பார்த்துவிட்டு, அவர் மிச்சப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஏசியிருந்தால் பிழைத்திருப்பேன்.

கடைசிப் படத்தில் நான் இடுப்பில் கைவைத்து நின்றேன். சிவலோகன் எழுந்து வேட்டிக்குக் கிட்டப் போய், என் முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே விரலை வைத்தார். அங்கே முக்கோணமாக ஒரு துண்டு ஏரி. அதில் விரல்நகம் அளவு தோணி. தோணிக்குக் கீழே, நான் எந்தப் பட்டிலும் காணாத நீலம்.

"எவ்வளவு வடிவு," என்றேன், என்னை அறியாமல்.

"இதைத்தான் ஆறு வருசமாச் சொன்னனான்," என்றார் என் கணவர்.

"இந்தத் துண்டை வைச்சு ஆரைக் கூட்டிக்கொண்டு போறது, மாஸ்டர்," என்றார் சிவலோகன். இரண்டு வடை சாப்பிட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. திங்கட்கிழமை இவர் பெற்றோல் ஸ்டேஷனுக்குப் போனார். பென்ஷன் எடுக்கும்வரை அங்கேதான்.

அதன்பிறகு எந்தப் படத்துக்கும் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறேன். மகளின் கலியாணத்திலும் அப்படித்தான். (நான் சண்டைக்கு நிற்கிறேன் என்று சம்பந்தி பயந்துவிட்டாராம்.) "அம்மா யன்னல் திறக்கிறா," என்று பிள்ளைகள் இன்றைக்கும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அவர் மட்டும் சிரிக்கமாட்டார். கமராவுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "முழங்கையை இன்னும் கொஞ்சம் அகட்டும்," என்பார்.