பொழுது சாய்வதற்குள்

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று அப்பாண்டைராஜ் முடிவெடுத்தபோது பாதி முகம் சவரம் ஆகியிருந்தது. மீதிப் பாதியில் நுரை. முடிவு முழு முகத்துக்கும் சேர்த்துத்தான்.

விஷயம் இதுதான். தை மாதம் அவருக்கும் ராஜமதிக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிகிறது. அன்றைக்குச் சென்னைக்குப் போய் ஒரு வேளை நன்றாகச் சாப்பிட வேண்டும். இதில் இருவருக்கும் சண்டை இல்லை. எங்கே என்பதில்தான் சண்டை. இத்தனை வருஷத்தில் வீட்டுக்குப் பெயிண்ட், அவருக்குச் சட்டை, பெண்ணுக்கு மாப்பிள்ளை எல்லாம் ராஜமதி பார்த்து வைத்ததுதான். ஒரே ஒரு வேளைச் சோற்றையாவது தான் சொல்லும் இடத்தில் சாப்பிடக்கூடாதா என்று அவருக்கு இருந்தது.

அவர் சொன்ன இடம் திருவல்லிக்கேணியில் ஒரு மெஸ். காலேஜ் படித்த மூன்று வருஷமும் அங்கேதான் சாப்பிட்டார். திண்டிவனத்தில் அவருடைய கடைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதை வாங்க வருகிறவர்கள், அந்த மெஸ்ஸின் வத்தக்குழம்பைப் பற்றிக் கேட்காமல் விதை வாங்கிப் போக முடியாது.

ராஜமதி சொன்ன இடம் நுங்கம்பாக்கத்தில் பதினாலாவது மாடி. அவள் தங்கை போய்வந்து போட்டோ அனுப்பியிருந்தாள். எல்லாம் ராத்திரியில் எடுத்தது. மேஜையில் மெழுகுவர்த்தி, பின்னால் ஊர் விளக்குகள், தட்டின் நடுவில் பச்சையாக இரண்டு துளிர்.

“மீதிய யாரு மேஞ்சது?” என்றார்.

“அவ்ளோதாங்க வைப்பாங்க. பெரிய ஓட்டலு.”

“இது நம்ம கொல்லையில மொளைச்சா களைன்னு புடுங்கிப் போடுவோம்.”

“நான் டேபிள் சொல்லத்தான் போறேன்.”

“சொல்லிக்கோ. டேபிள் வரும். நான் வரமாட்டேன்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தபோது அவரிடம் ஓர் ஆயுதம் இருந்தது. அவர்கள் நயினார் வீடு, சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடக்கூடாது என்பது அவர்களுடைய விரதம். அவருடைய அப்பா கடைசிவரை தவறாமல் கடைப்பிடித்தார். மகன் கடைப்பிடித்ததற்குச் சாட்சி இல்லை.

“ராஜமதி, இன்னையிலேர்ந்து பொழுது சாஞ்சா நான் சாப்பிடறதில்ல.”

“நேத்து ஒம்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டாண்ட பரோட்டாவப் பிச்சிக்கினு இருந்தது யாரு?”

“நேத்து நேத்தோட போச்சு. நம்ம தர்மம்னு ஒண்ணு இருக்குது இல்ல?”

சண்டைக்குத் தயாராக நின்றார். சண்டை வரவில்லை. ராஜமதி கரண்டியை வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“இப்பவாவது தோணிச்சே. மாமா இருந்தா எவ்ளோ சந்தோஷப்படுவாரு! பகல்ல எங்க வேணா சாப்பிடலாம் இல்லீங்க?”

“தாராளமா. நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன்.”

தோற்றவர்களிடம் பெருந்தன்மையாக நடந்துகொள்வது அவர் சுபாவம். காட்டத்தான் இதுவரை சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

“வாயால சொன்னா ஆவாதுங்க. ஞாயித்துக்கெழம மேல்சித்தாமூர் நம்ம கோயிலுக்குப் போயி சாமி முன்னாடி சொல்லிட்டு வந்துடலாம்.”

கோயிலில் பூசை செய்கிறவர், எத்தனை நாளைக்கு விரதம் என்று கேட்டார். அப்பாண்டைராஜின் மனதில் ஒரு மாதம் இருந்தது.

“ஒரு...” என்று ஆரம்பித்தார்.

“வருஷங்க,” என்று ராஜமதி முடித்தாள். “சாமி முன்னாடி நின்னா அவருக்குப் பேச்சு வராது.”

“அம்மாவுக்கும் சேர்த்தா?”

“எனக்கு மாத்திரை இருக்குதுங்க. ராத்திரி சாப்பிட்டுத்தான் போடணும்.”

திரும்பும்போது பஸ்ஸில் அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். ஒரு வருஷம் பெரிய விலைதான். ஆனால் பதினாலாவது மாடி இடிந்து விழுந்துவிட்டது. மறுநாள் முதல் ஐந்தரைக்கே கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். வானத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இட்லியை விழுங்கினார். எட்டு மணிக்கு வயிறு கூப்பிட்டபோது வத்தக்குழம்பை நினைத்துக்கொண்டு படுத்தார். தலைவணங்கவில்லை.

அந்த நாளும் வந்தது. பஸ் செங்கல்பட்டு தாண்டியதும் ராஜமதி சொன்னாள்:

“ஒண்ணரைக்கு டேபிளுங்க.”

“என்னா டேபிளு?”

“பதினாலாவது மாடி.”

“அது ராத்திரி ஓட்டலு!”

“என் தங்கச்சி போனதுதான் ராத்திரி. அவங்க மத்தியானமும் தொறந்துதான் வெச்சிக்கினு இருக்காங்க. நல்ல வெயில்லதான் சாப்பிடப் போறோம், விரதத்துக்கு ஒண்ணும் ஆவாது. எங்க கூப்பிட்டாலும் வர்றேன்னு நீங்கதான சொன்னீங்க?”

கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் மருந்து டம்ளர் அளவில் ரசத்தைக் கொண்டுவந்து வணங்கி வைத்தார்.

“இதுக்கு சோறு எங்க தம்பி?”

“மொத்தம் ஏழு அயிட்டம் சார். ஒண்ணொண்ணா வரும். இது ரெண்டாவது.”

“மொதல்ல என்னா வந்தது?”

“சாப்ட்டீங்களே சார்.”

ஏழும் வந்தன. ஏழும் போயின. ராஜமதி ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினாள். லிப்டில் ஏறியதும் அப்பாண்டைராஜ் நெஞ்சை நிமிர்த்தினார்.

“நான் தோக்கல. வயிறு வந்த மாதிரியேதான் இருக்குது. நேரா மெஸ்ஸுக்குப் போறேன். நீ வந்தா வா, வராட்டிப் போ.”

“வராம? உங்க ஆசைதான? காலையிலயே போன் போட்டுக் கேட்டுட்டேன். மத்தியானப் பந்தி மூணு மணியோட சரியாம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றேகால்.

“அப்புறம் ஏழு மணிக்குத்தான் இலை போடுவாங்களாம்.”

தை மாதத்தில் பொழுது எத்தனை மணிக்குச் சாய்கிறது என்பது இந்த ஒரு வாரமாக அவருக்கு நிமிஷக் கணக்கில் தெரியும். லிப்ட் இறங்கிக்கொண்டே இருந்தது.

“மூஞ்சிய அப்பிடி வெச்சிக்காதீங்க,” என்று ராஜமதி அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்தாள். “நீங்க பக்கத்துல உக்காந்துக்கினு இருங்க. வத்தக்குழம்பு எப்பிடி இருக்குதுன்னு நான் சாப்பிட்டுட்டு சொல்றேன்.”